நுழைவுத்தேர்வுக் கணிதத்தில் விடையெழுதுமுறை: மணிமேகலையின் அளவை நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கணிதப் பட்டப்படிப்பிற்கான நுழைவுத்தேர்வுகளுள் சில, கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வதோடு நில்லாமல், விடைக்கான காரணத்தை முழுமையாக எழுதச் சொல்கின்றன. அத்தகைய விடையில் இடம்பெற வேண்டிய உறுப்புகள், நேரும் பிழைகள், தமிழில் காரணத்தொடர் அமைக்கும்போது தோன்றும் பொருள் மயக்கங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மணிமேகலை 29ஆம் காதை கூறும் அளவைக் கருத்துகள் இவ்விளக்கத்திற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்வழியில் பயிலும் ஊரக மாணவர்க்கு நிறுவல் எழுதும் பயிற்சி ஏன் தேவை என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிறுவல், பக்கம், ஏது, திட்டாந்தம், ஏதுப்போலி, அளவுச்சொல், நுழைவுத்தேர்வு.

முன்னுரை

பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள குரும்பலூரில் இன்று அரசு கலை அறிவியல் கல்லூரி இயங்குகிறது. இத்தகைய ஊர்களில் தமிழ்வழியில் பயின்று கணிதத்தில் மேற்படிப்பை நாடும் மாணவர் இருவகைத் தேர்வுகளை எதிர்கொள்கின்றனர். ஒன்று, மேல்நிலைப் பொதுத்தேர்வு. அது படிநிலைகளுக்கு மதிப்பெண் வழங்குகிறது. எனினும் வினாக்களின் பெரும்பகுதி பாடநூலைச் சார்ந்து அமைவதால், விடையை நினைவிலிருந்து எடுத்து எழுதவும் இடந்தருகிறது. மற்றொன்று, கொள்குறிவகை நுழைவுத்தேர்வு. அதில் காரணம் எழுத இடமே இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே, முன்பின் கண்டிராத வினாவிற்குக் காரணத்தைத் தானே கண்டு, பிறர் ஏற்கும் வகையில் எழுதிக்காட்டும் திறன் பயிற்சியின்றி விடப்படுகிறது. அத்திறன் கணிதத்திற்கு மட்டும் உரியதன்று. மொழியோடும் அளவையியலோடும் தொடர்புடையது. ஆதலின் அது தமிழாய்விற்கும் உரிய பொருளாகிறது.

எழுத்து விடை கேட்கும் தேர்வுகள்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 1984ஆம் ஆண்டு முதல் நடைபெற்று, 2007-08 கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டது. ஊரக மாணவர்க்கும் தனிப்பயிற்சிக்கு வழியற்றவர்க்கும் அத்தேர்வு தடையாக இருந்தது என்பதே அதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணமாகும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் கூட்டு நுழைவுத்தேர்வு 2005ஆம் ஆண்டு வரை முதன்மைத் தேர்வில் விரிவான எழுத்து விடைகளைக் கேட்டது. 2006 முதல் முழுமையாகக் கொள்குறிவகைக்கு மாறியது. 2022இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வும் அவ்வகையினதே.

இப்போக்கிற்கு மாறாக, எழுத்து விடையைப் பேணிய நிறுவனங்களும் உள. சி. எஸ். சேஷாத்திரி 1989இல் நிறுவியதும் இன்று சிறுசேரியில் இயங்குவதுமான சென்னைக் கணிதவியல் கழகம் தன் இளநிலை நுழைவுத்தேர்வை இரு பகுதிகளாக நடத்தி வந்துள்ளது. முதற்பகுதி குறுவிடைகளைக் கொண்டது. இரண்டாம் பகுதி முழுமையான காரண விளக்கத்தைக் கேட்பது. காரணமற்ற விடைக்கு இரண்டாம் பகுதியில் மதிப்பெண் இல்லை. முற்றுப்பெறாத விடையாயினும் காரணம் சரியாக இருப்பின் பகுதி மதிப்பெண் உண்டு. பிரசாந்த சந்திர மகாலனோபிசு 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகமும் பல ஆண்டுகளாகக் கொள்குறித்தாள் ஒன்றும் விரிவிடைத்தாள் ஒன்றுமாக இளநிலைத் தேர்வை நடத்தியுள்ளது.

நுழைவுத்தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்பது சமூகநீதி சார்ந்த தனி விவாதம். இக்கட்டுரை அதனுள் புகவில்லை. காரணத்தை எழுதிக்காட்டும் திறன் தேர்வு இருப்பினும் இல்லாதொழியினும் கணிதக் கல்விக்கு இன்றியமையாதது என்பதே இங்குக் கொள்ளப்படும் நிலைப்பாடு.

விடை மட்டும் போதாமை

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக ஓடும் கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ளது கும்பகோணம். அங்கு வளர்ந்த சீனிவாச இராமானுசன் தம் குறிப்பேடுகளில் முடிவுகளையே மிகுதியாக எழுதினார். நிறுவல்களை அரிதாகவே எழுதினார். ஏறத்தாழ 5000 முடிவுகளை மிகச் சுருங்கிய விளக்கங்களுடன் தொகுத்துத் தந்த கார் என்பவரின் நூல் அவருடைய எழுத்துமுறையை உருவாக்கியது என்பர். 1911இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளிவந்த அவருடைய முதற்கட்டுரை, தெளிவு வேண்டிப் பதிப்பாசிரியரால் பலமுறை திருத்தத்திற்கு அனுப்பப்பட்டது. 1913ஆம் ஆண்டு சனவரியில் அவர் எழுதிய மடலைக் கண்டு வியந்த ஹார்டி, தம் மறுமொழியில் வற்புறுத்திக் கேட்டது நிறுவல்களையே.

ஹார்டியின் வேண்டுகோள் வெறும் சடங்கன்று. பகா எண்களின் எண்ணிக்கை குறித்து இராமானுசன் அனுப்பிய கூற்றுகளுள் சில பிழையானவை எனப் பின்னர்த் தெரிந்தது. அத்துறையில் கணக்கிட்டுப் பார்த்த எண்கள் அனைத்திலும் உண்மையாகவே தோன்றிய ஒரு சமனிலி, எண்கள் மிகப் பெரிதாகும்போது முடிவின்றிப் பலமுறை தலைகீழாகும் என்று 1914இல் லிட்டில்வுட் நிறுவினார். மேதையின் உள்ளுணர்வே வழுவக்கூடிய இடத்தில், நிறுவல் ஒன்றே துணையாகிறது.

தமிழ்க் கணித மரபையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் பெரும்பாலும் கணக்கிடும் வழியைச் செய்யுளால் உரைத்து, எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்குகின்றன. அவ்வழி ஏன் சரியானது என்பதை விரித்துரைப்பதில்லை. ஆயினும் வட்டார மொழியில் நிறுவல் எழுத இயலாது என்று இதனால் முடிவு கட்டுதல் பொருந்தாது. 16ஆம் நூற்றாண்டில் கேரளத்தின் சியேட்டதேவர் எழுதிய யுக்திபாஷை, முடிவிலாத் தொடர்கள் உள்ளிட்ட அரிய செய்திகளுக்கு மலையாள உரைநடையிலேயே காரணங்களை விரித்துரைக்கிறது.

மணிமேகலை காட்டும் விடையுறுப்புகள்

காரணத்தை முறைப்படுத்திக் கூறும் இலக்கணம் தமிழுக்குப் புதிதன்று. தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளை உணர்த்துகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகள் அங்குக் கூறப்பட்டு, இறுதி இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும் எனக் காட்டப்படுகிறது. இக்காதை சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிய ஒப்புமையுடையது என்பது ஆய்வாளர் கண்ட செய்தி.

மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை காணப்படுதல் ஏது. புகையும் நெருப்பும் உடனிருக்கும் அடுக்களை திட்டாந்தம். கணித விடைக்கு இதனைப் பொருத்தும்போது, பக்கம் என்பது நிறுவ வேண்டிய கூற்று. ஏது என்பது அதனைத் தாங்கும் காரணம். திட்டாந்தத்தில் மட்டும் கருத்து வேறுபாடு எழுகிறது. அடுக்களை ஓர் எடுத்துக்காட்டே. அதற்கு வலிமை தருவது, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் பொதுத் தொடர்பு. கணிதம் அப்பொதுத் தொடர்பை எடுத்துக்காட்டால் சுட்டுவதோடு அமையாது, அதனைத் தனியே நிறுவுமாறு கேட்கிறது.

ஓர் எளிய வினாவால் இதனை விளக்கலாம். எந்த ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8ஆல் வகுத்தாலும் மீதி 1 என நிறுவ வேண்டும் என்க. 1, 9, 25, 49 என்னும் வர்க்கங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் மீதி 1 எனக் காட்டுவது அடுக்களைகளை அடுக்குவதாகும், அது நிறுவலாகாது. ஆய்லர் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் ந² + ந + 41 என்னும் கோவை, ந = 0 முதல் 39 வரை நாற்பது முறையும் பகா எண்ணையே தருகிறது; ந = 40 ஆகும்போது 1681, அதாவது 41² கிடைக்கிறது. நாற்பது எடுத்துக்காட்டுகளும் பொதுக்கூற்றைத் தாங்கவில்லை.

மேற்கண்ட வினாவிற்குரிய விடை பின்வருமாறு அமையலாம்:

ந என்பது ஓர் ஒற்றை எண் எனக் கொள்க. எனில், ந = 2க + 1 ஆகுமாறு க என்னும் முழு எண் உண்டு. இதனால் ந² = 4க² + 4க + 1 = 4க(க + 1) + 1. இங்குக் க, க + 1 ஆகியவை அடுத்தடுத்த முழு எண்கள். ஆதலின் அவற்றுள் ஒன்று இரட்டை எண். எனவே க(க + 1) = 2ம் ஆகுமாறு ம என்னும் முழு எண் உண்டு. இதனைப் பிரதியிட, ந² = 8ம் + 1. ஆகவே ந² ஐ 8ஆல் வகுக்க மீதி 1. ந என்பது எந்த ஒற்றை எண்ணாகவும் இருக்கலாம் ஆதலின், கூற்று நிறுவப்பட்டது.

இவ்விடையில் கணக்கீடு ஒரு வரியே. மதிப்பீட்டாளர் தேடுவது, அடுத்தடுத்த எண்களுள் ஒன்று இரட்டை எண் என்னும் தொடரை. அத்தொடர் விடுபடின் 4ஆல் வகுக்க மீதி 1 என்பது மட்டுமே நிலைபெறும். வினா கேட்ட 8 கிடைக்காது. இறுதித் தொடர் நிகமனத்தின் பணியைச் செய்கிறது.

ஏதுப்போலியும் விடைத்தாள் பிழையும்

மணிமேகலை 9 பக்கப்போலிகளையும், 14 ஏதுப்போலிகளையும், 10 திட்டாந்தப்போலிகளையும் வகுத்துரைக்கிறது. ஏதுப்போலியின் முப்பெரும் பிரிவுகள் அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்பன. அவற்றுள் முதலிரண்டின் வகைகள் கணித விடைகளில் நேரும் பிழைகளை இனங்காண உதவுகின்றன.

அசித்தத்தின் ஒரு வகையாகிய அன்னியதராசித்தம், எதிர்வாதி ஏற்காத ஒன்றை ஏதுவாகக் காட்டுதல். எழுத்து விடையில் எதிர்வாதியின் இடத்தில் இருப்பவர் மதிப்பீட்டாளர். நிறுவ வேண்டியதையே தொடக்கமாகக் கொள்ளும் விடை இவ்வகையில் அடங்கும். அ, ஆ என்னும் குறையற்ற மெய்யெண்களுக்கு (அ + ஆ)/2 ≥ √(அஆ) என நிறுவச் சொன்னால், பலர் இச்சமனிலியையே முதல் வரியாக எழுதி, சுருக்கிக்கொண்டே சென்று, (√அ − √ஆ)² ≥ 0 என்னும் வரியை அடைந்து, இது உண்மை ஆதலின் நிறுவப்பட்டது என முடிப்பர். உண்மையில் முடிவதால் தொடக்கம் உண்மையாகிவிடாது; −1 = 1 என்னும் பொய்யிலிருந்து இருபுறமும் வர்க்கப்படுத்தி 1 = 1 என்னும் உண்மையை அடையலாம். அதே வரிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் குறை நீங்கும்: எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறையெண் அன்று, ஆதலின் (√அ − √ஆ)² ≥ 0, விரிக்க, அ + ஆ − 2√(அஆ) ≥ 0, எனவே (அ + ஆ)/2 ≥ √(அஆ). விடையைத் தேடும் வழி முடிவிலிருந்து தொடங்கலாம். எழுதும் வழி ஏற்கப்பட்டதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆசிரயாசித்தம், ஏது சார்ந்து நிற்கும் பொருளே உண்டென நிறுவப்படாத நிலை. இயல் எண்களுள் மிகப்பெரியது ப என்க; ப² என்பதும் இயல் எண்; ஆதலின் ப² ≤ ப; எனவே ப = 1; ஆகவே மிகப்பெரிய இயல் எண் 1 என்னும் வாதத்தைக் காண்க. ஒவ்வொரு படியும் சரியே. மிகப்பெரிய இயல் எண் என ஒன்று உண்டு என்னும் எடுகோள் மட்டுமே தவறு. அத்தவறு முழுவாதத்தையும் வீழ்த்துகிறது. மீப்பெரு மதிப்பைக் காணும் வினாக்களில், அம்மதிப்பு எய்தப்படுகிறது எனக் காட்டாமல் விடுவது இதே குறையின் மறுவடிவமாகும்.

அநைகாந்திகம், பக்கத்திற்கு உரிய ஏது பக்கமல்லாத இடத்திலும் காணப்படுதல். 91 என்பது 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது. எனவே பகா எண் என்பது அத்தகையது. அவற்றால் வகுபடாமை பகு எண்களுக்கும் பொருந்தும்; 91 = 7 × 13.

காரணத்தின் திசை மாறுவதும் அடிக்கடி நேரும் பிழை. √(ய + 2) = ய என்னும் சமன்பாட்டை வர்க்கப்படுத்தினால் ய² − ய − 2 = 0 கிடைக்கும்; இதன் தீர்வுகள் 2, −1. ய மூலச் சமன்பாட்டின் தீர்வு எனில், அது 2 அல்லது −1 என்பது மட்டுமே இதுவரை நிறுவப்பட்டது. மறுதலை நிறுவப்படவில்லை. பிரதியிட்டுப் பார்க்க, 2 பொருந்துகிறது; −1 பொருந்துவதில்லை, ஏனெனில் இடப்புறம் 1, வலப்புறம் −1. சரிபார்த்தல் என்னும் வரி இங்கு நிறுவலின் உறுப்பே. அதனை விடுத்தால் விடை குறைபடும்.

தமிழ்த் தொடரமைப்பும் பொருள் மயக்கமும்

தமிழ்வழி மாணவர் நிறுவல் எழுதும்போது மொழியின் இயல்பால் தோன்றும் சில மயக்கங்களைத் தெளிதல் வேண்டும்.

முதலாவது, ஏதேனும் என்னும் சொல். ‘ஏதேனும் ஓர் இயல் எண்ணை எடுத்துக்கொள்க’ என்னும் தொடரில் அது எல்லா எண்களுக்கும் பதிலியாக நிற்கும் ஒன்றைச் சுட்டுகிறது. ‘ஏதேனும் ஓர் இயல் எண் இந்நிபந்தனையை நிறைவு செய்யும்’ என்னும் தொடரில் அத்தகைய எண் ஒன்றாவது உண்டு என்பதைச் சுட்டுகிறது. முன்னதற்கு ‘ஒவ்வோர்’ அல்லது ‘எந்த ஓர் எண்ணுக்கும்’ என்றும், பின்னதற்கு ‘குறைந்தது ஒன்றாவது உண்டு’ என்றும் எழுதுதல் தெளிவு தரும்.

இரண்டாவது, எதிர்மறை. ‘எல்லா ஒற்றை எண்களும் பகா எண்கள் அல்ல’ என்னும் தொடர், ஒற்றை எண் எதுவும் பகா எண் அன்று எனவும், பகா எண்ணாகாத ஒற்றை எண்களும் உள எனவும் இருபொருள்படும். முன்னது பொய், பின்னது மெய். ‘பகா எண்ணாகாத ஒற்றை எண் உண்டு, எடுத்துக்காட்டாக, 9’ என எழுதின் மயக்கமில்லை. பொதுக்கூற்றை மறுக்க ஓர் எதிர் எடுத்துக்காட்டே போதும் என்பதையும் இத்தொடர் தானே உணர்த்துகிறது.

மூன்றாவது, அளவுச்சொற்களின் வரிசை. ‘ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் அதனினும் பெரிய பகா எண் ஒன்று உண்டு’ என்பது மெய். ‘பகா எண் ஒன்று உண்டு, அது ஒவ்வோர் இயல் எண்ணினும் பெரிது’ என்பது பொய். சொற்கள் ஏறத்தாழ அவையே. வரிசை மட்டுமே வேறு.

நான்காவது, ‘எனில்’, ‘ஆதலின்’ ஆகியவற்றின் வேறுபாடு. தொல்காப்பியம் கூறும் செயின் என்னும் வாய்பாட்டு எச்சத்தைப் போல ‘எனில்’ நிபந்தனையை உணர்த்துவது. ‘ஆதலின்’ ஏற்கெனவே நிலைபெற்றதைக் காரணமாக்குவது. ‘ந ஒற்றை எண் எனில்’ என்னும்போது ந ஒற்றை எண் என்று கூறப்படவில்லை. ‘ந ஒற்றை எண் ஆதலின்’ என்னும்போது அது முன்னரே நிறுவப்பட்டிருக்க வேண்டும். விடைத்தாள்களில் இவ்விரண்டும் ஒன்றற்கு ஒன்றாக வருவது, எழுதுபவர் எதனைக் கொண்டார், எதனைக் கண்டார் என்பதை மறைத்துவிடுகிறது.

விடையை ஒழுங்குபடுத்தும் முறை

இதுவரை கூறியவற்றிலிருந்து எழுத்து விடைக்கான ஓர் ஒழுங்கைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. தேடலையும் எழுத்தையும் பிரித்தல். கணக்கீடுகளை ஒதுக்கிடத்தில் செய்து, வழி தெளிந்தபின் விடையை எழுதுதல்.
2. ஒவ்வொரு குறியீட்டையும் பயன்படுத்துமுன் அறிமுகம் செய்தல். க என்பது முழு எண்ணா, மெய்யெண்ணா என்பது முதலிலேயே தெரிதல் வேண்டும்.
3. நிறுவும் முறையைத் தொடக்கத்தில் அறிவித்தல். முரண்பாட்டு முறையா, கணிதத் தொகுத்தறிதலா என்பதை அறிந்து படிப்பவர் பின்தொடர்வர். தொகுத்தறிதலாயின் தொடக்கநிலையை விட்டுவிடாதிருத்தல்.
4. நிலைகளாகப் பிரிக்குமிடத்து எந்நிலையும் விடுபடாமை. ய² = 3ய என்பதை யவால் வகுத்தால் ய = 0 என்னும் நிலை மறைந்துபோகும்.
5. அறியப்பட்ட தேற்றத்தைப் பயன்படுத்தும்போது அதன் பெயரையும், அதன் நிபந்தனைகள் இங்கு நிறைவேறுவதையும் குறிப்பிடுதல்.
6. முழுவிடை கிட்டாதவிடத்து, நிறுவியது எது, நிறுவாது எடுத்துக்கொண்டது எது எனப் பிரித்துக் காட்டுதல். பகுதி மதிப்பெண்ணுக்கு உரிய நேர்மையான வழி இதுவே.

எத்துணை விரிவாக எழுத வேண்டும் என்பது பலர் எழுப்பும் ஐயம். தன்னோடு ஒத்த பாடம் பயின்று, இவ்வினாவை மட்டும் கண்டிராத ஒரு மாணவர் பிறர் உதவியின்றிப் படித்து ஏற்கும் அளவே உரிய அளவு. கூட்டல், பெருக்கல் விரிவுகளுக்குக் காரணம் வேண்டா. வினாவின் உயிர்நிலையான படிக்குக் காரணம் வேண்டும்.

வகுப்பறை நோக்கிய கருத்துகள்

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பாடத்திட்டத்தில் இதற்குரிய இடம் இல்லாமலில்லை. பதினொன்றாம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதலும், பன்னிரண்டாம் வகுப்பில் தனிநிலைக் கணிதத்தின் கீழ்க் கணிதத் தர்க்கவியலும் இடம்பெறுகின்றன. பொதுத்தேர்வின் 90 மதிப்பெண்களில் 20 மட்டுமே கொள்குறிவகை. எஞ்சியவை எழுத்து விடைகள். ஆனால் தர்க்கவியல் மெய்யட்டவணை நிரப்பும் பயிற்சியோடு நின்று, பிற பாடங்களின் விடையெழுத்தைத் தொடாதிருப்பின் அதன் பயன் குறைகிறது.

சென்னைக் கணிதவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் கழகம் ஆகியவற்றின் வினாத்தாள்கள் ஆங்கிலத்தில் அமைபவை. ஆதலின் தமிழ்வழி மாணவர் ஆங்கிலத் தொடர்களை மனப்பாடம் செய்தலே வழி எனக் கருதப்படுவதுண்டு. தாய்மொழியில் ‘எனில்’ என்பதையும் ‘ஆதலின்’ என்பதையும் வேறுபடுத்தி எழுதப் பழகியவருக்கு ஆங்கிலத்தில் அவ்வேறுபாட்டிற்குரிய சொற்களைக் கற்றல் அரிதன்று. வேறுபாட்டையே உணராதவருக்கு எம்மொழியின் சொற்களும் துணைசெய்யா. இப்பயிற்சிக்குப் பெருஞ்செலவோ நகரத்துப் பயிற்சி மையமோ தேவையில்லை. ஒரு வினா, இரு மாணவர், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து ‘ஏன்?’ என வினவும் வாய்ப்பு ஆகியவையே போதுமானவை. ஊரகக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் கணிதத்துறையும் இணைந்து இதனை ஒரு பருவத்திற்குரிய பயிற்சியாக அமைக்க இயலும்.

முடிவுரை

எழுத்து விடை கேட்கும் நுழைவுத்தேர்வு, மாணவர் கண்ட விடையை மட்டுமன்றி, அவ்விடையைப் பிறர் ஏற்குமாறு உரைக்கும் திறனையும் அளக்கிறது. பக்கத்தையும் ஏதுவையும் பிரித்தறிதல், எடுத்துக்காட்டைப் பொதுநிறுவலாகக் கொள்ளாமை, ஏதுப்போலிகளை இனங்காணல், அளவுச்சொற்களை மயக்கமின்றி ஆளுதல் ஆகியவை இத்திறனின் கூறுகள் என்பது இக்கட்டுரையால் பெறப்படுகிறது. இவற்றிற்கான கலைச்சொற்களும் சிந்தனை மரபும் மணிமேகலையிலேயே அமைந்துள்ளன. அம்மரபைக் கணித வகுப்பறையோடு இணைப்பது, காப்பியத்தின் அளவையியற் பகுதிக்குப் புதிய வாசிப்பையும், ஊரக மாணவர்க்குத் தம் காரணத்தைத் தம் மொழியில் நிலைநாட்டும் வலிமையையும் ஒருங்கே தரும். பிற ஏதுப்போலி வகைகளையும் திட்டாந்தப்போலிகளையும் மாணவர் விடைத்தாள்களோடு ஒப்பிட்டு ஆராய்வது அடுத்தகட்ட ஆய்விற்கு உரியது.